சர்வரா, ஒர்க்ஸ்டேஷனா? வீட்டில் கிராபிக்ஸ் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

சென்னை ரிச்சி தெருவில் பழைய சர்வர்கள் வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு ஃபோன் வரும். “சார், ரெண்டு ஜியான், மொத்தம் 28 கோர், 128 ஜிபி ரேம். புதுசா ஒரு சாதாரண பிசி வாங்குற காசுக்குள்ள வருது. பிளெண்டருக்கு எடுத்துக்கலாமா?” கேட்கிற குரலில் ஆசையும் அவசரமும் கலந்திருக்கும். அனிமேஷன் ஸ்டுடியோக்களுக்கும் வீடுகளுக்கும் மெஷின் கட்டிக் கொடுத்தே வயதானவன் நான். இந்தக் கேள்விக்கு ஃபோனில் ஒரு வரியில் பதில் சொன்னால் பாதிதான் சொன்னதாகும் என்பதால் எழுதி வைக்கிறேன். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கணினி வாங்கித் தரும் வீடுகள் நம் ஊரில் நிறைய. அந்தக் காசு தப்பான பெட்டிக்குப் போய்விடக் கூடாது.

1. பெட்டியைப் பார்க்கும் முன் உங்கள் வேலை நேரத்தைப் பாருங்கள்.

கிராபிக்ஸ் வேலையில் இரண்டு வகை நேரம் உண்டு. கையும் கண்ணும் திரையில் இருக்கும் நேரம் ஒன்று: மாடல் செய்வது, டெக்ஸ்சர் பூசுவது, ரிக் போடுவது, அனிமேட் செய்வது, லைட்டை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது. மற்றது காத்திருக்கும் நேரம்: ரெண்டர், நீர், புகை சிமுலேஷன், கேஷ் எழுதுவது. முதல் வகையில் மெஷின் அரை நொடி தயங்கினாலும் கை தடுமாறும், மனசில் இருந்த அசைவு கலைந்துபோகும். இரண்டாம் வகையில் எட்டு மணி நேரம் ஆனால் என்ன, ஒன்பது மணி நேரம் ஆனால் என்ன, நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒர்க்ஸ்டேஷன் என்பது முதல் வகை நேரத்துக்காகச் செய்யப்பட்ட மெஷின். சர்வர் இரண்டாம் வகைக்கானது. ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதிப் பாருங்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் முதல் வகை நேரம்தான் மிகுதியாக இருக்கும். ஆகவே வீட்டுக்குள் வரும் முதல் மெஷின் ஒர்க்ஸ்டேஷனாக இருக்கட்டும். என் பதில் இதுதான். இனி வருவது அதற்கான காரணங்களும், எங்கே அது மாறும் என்பதும்.

2. பெரிய ஸ்டுடியோக்கள் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1995இல் வந்த டாய் ஸ்டோரியை எடுத்துக்கொள்வோம். பிக்சாரில் அனிமேட்டர்கள் உட்கார்ந்து வேலை பார்த்தது சிலிக்கான் கிராபிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்களில். படத்தை ரெண்டர் செய்தது வேறொரு அறையில் இரவு பகலாக ஓடிய 117 சன் கணினிகள். அங்கே ரெண்டருக்கு வைத்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்பதும் ஒர்க்ஸ்டேஷனாக விற்கப்பட்ட மெஷின்தான். மானிட்டரைக் கழற்றி அடுக்கி வைத்ததும் அது சர்வர் வேலை பார்த்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை விட அதன் முன் யார் உட்காரப் போகிறார்கள் என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னோர் உதாரணம் நம் காலத்தது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய ‘ஃப்ளோ’, லாத்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்தது. முழுப் படமும் பிளெண்டரில் ஈவீ முறையில் ரெண்டர் ஆனது. ரெண்டர் ஃபார்ம் எதுவும் இல்லை, இயக்குநரின் சொந்தக் கணினியே போதுமானதாக இருந்தது. ஈவீ முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டை நம்பியது. கார்டு இல்லாத சர்வரில் எத்தனை கோர் இருந்தாலும் ஈவீக்கு உதவாது. எந்த முறையில் ரெண்டர் செய்யப் போகிறோம் என்பதைத் தீர்மானித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. கோர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள்.

பழைய சர்வர்களில் அதிகம் காணும் ஒரு சிப் ஜியான் ஈ5-2680 வி4. 2016இல் வந்தது. 14 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 3.3. இரண்டு போட்டால் 28 கோர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாடல் செய்யும்போது மாடிஃபையர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிடப்படுவதும், அன்டூ செய்வதும், சாஃப்ட்வேர் திறப்பதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரில்தான் நடக்கும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பழைய கோர் ஒன்று. மீதி 27 கோரும் சும்மா இருக்கும்.

2022இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் சிப்பில் 16 கோர், 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸிலும் அது முடிக்கும் வேலையும் அதிகம். கை வேலையில் மட்டுமல்ல, எல்லாக் கோரும் ஓடும் ரெண்டரிலும் அந்தப் பழைய 28 கோரை இந்த 16 கோர் முந்திவிடும். அதன் விலைக்குப் போக முடியாவிட்டால் அதே தலைமுறையில் 6 கோர், 8 கோர் சிப்புகள் இருக்கின்றன. கை வேலைக்கு அவையும் பழைய ஜியானை விட எவ்வளவோ மேல். வியூபோர்ட்டில் ஒரு கதாபாத்திரத்தைத் திருப்பிப் பார்க்கும்போது அந்த வித்தியாசத்தை விரல் நுனியில் உணர்வீர்கள்.

4. கார்டு வாங்கும் முன் அது உட்காரும் இடத்தை அளந்து பாருங்கள்.

சர்வரில் மானிட்டர் செருக ஒரு விஜிஏ துளை இருக்கும். அதைப் பார்த்து ‘கிராபிக்ஸ் இருக்கிறது’ என்று நினைப்பவர்கள் உண்டு. டெல் பவர்எட்ஜ் ஆர்720 போன்ற சர்வர்களில் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது மேட்ராக்ஸ் ஜி200, 16 எம்பி மெமரியோடு. 1998இல் முதலில் வந்த வடிவமைப்பு அது. பயாஸ் திரையும் இன்ஸ்டால் திரையும் தெரிவதற்காக வைத்தது. அதில் பிளெண்டர் ஓடாது.

அப்படியானால் நல்ல கார்டு ஒன்றைச் செருகிவிடலாமே என்று கேட்பீர்கள். ரேக் சர்வரின் உயரத்தை ‘யு’ கணக்கில் சொல்வார்கள். 1 யு என்பது 1.75 அங்குலம், 2 யு என்பது 3.5 அங்குலம். முழு உயரக் கார்டு ஒன்று நிமிர்ந்து நிற்க 2 யு போதாது. ரைசர் என்னும் துணைப் பலகையில் படுக்க வைத்துத்தான் செருக வேண்டும். அந்த ரைசரில் முழு நீள 16 லேன் ஸ்லாட் இருக்கிறதா, இரண்டு ஸ்லாட் தடிமனுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு உபயோகக் கார்டுகளில் பல இன்று இரண்டரை, மூன்று ஸ்லாட் தடிமனில் வருகின்றன.

அடுத்தது கரண்ட். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட். மீதியைத் தனி ஒயர் கொடுக்க வேண்டும். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த 8 பின் ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும். சர்வரில் இருக்காது. ரைசரிலிருந்து எடுக்கும் பிரத்யேக ஒயர் வாங்க வேண்டும், 1100 வாட் எஸ்எம்பிஎஸ் போட வேண்டும், பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கைத் தாழ்வான வகைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேடி வாங்க வேண்டிய சாமான். சர்வர் மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சி இங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஒர்க்ஸ்டேஷன் கேபினட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. கார்டு செருகுவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது.

5. மலிவாக வரும் டேட்டா சென்டர் கார்டுகளிடம் மிகுந்த கவனம் தேவை.

டெஸ்லா கே80, எம்40, பி40 என்று பெயர் போட்டு 24 ஜிபி கார்டுகள் விற்பனைக்கு வரும். 24 ஜிபி என்றதும் கண் விரியும். பொறுமையாக இந்த நான்கையும் பாருங்கள்.

இவற்றில் மானிட்டர் செருகும் துளை கிடையாது. படம் காட்ட இன்னொரு கார்டு வேண்டும்.

இவற்றில் ஃபேன் கிடையாது. சர்வரின் முன்பக்க ஃபேன்கள் தள்ளும் காற்றை நம்பிச் செய்தவை. வீட்டுக் கேபினட்டில் அப்படியே செருகினால் சில நிமிடங்களில் கொதித்துத் தானாக வேகம் குறைத்துக்கொள்ளும்.

கே80 என்பது 24 ஜிபி கார்டு அல்ல. 12 ஜிபி உள்ள இரண்டு சிப்புகள் ஒரே பலகையில் இருக்கின்றன. 15 ஜிபி கேட்கும் காட்சி அதில் அடங்காது. அதுவும் கெப்லர் தலைமுறை. அந்தத் தலைமுறைக்கு என்விடியா டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது. இன்றைய சாஃப்ட்வேர்கள் பலவும் அதை ஏற்பதில்லை. யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான்காவது ஆபத்தானது. இந்தக் கார்டுகளின் 8 பின் துளை, வீட்டுக் கார்டுகளின் 8 பின் துளை போலவே தெரியும். ஆனால் இவை கேட்பது மதர்போர்டில் பிராசசருக்குப் போகும் வகை ஒயர். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். வலுக்கட்டாயமாக அழுத்திச் செருகினால் ஷார்ட் ஆகும். அதற்கான மாற்று ஒயர் கையில் இல்லாமல் சுவிட்ச் போடவே கூடாது.

பி40 மட்டும் இந்த வரிசையில் ஓரளவு உருப்படியானது. ஒரே சிப்பில் 24 ஜிபி, 250 வாட். பெரிய காட்சிகளைக் கொள்ளும். ஆனால் ரே டிரேசிங்குக்கான தனி வன்பொருள் அதில் இல்லை என்பதால் ரெண்டர் வேகத்தில் புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகளோடு நிற்க முடியாது.

6. கார்டின் மெமரியைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

சர்வரின் 128 ஜிபி ரேம் கார்டின் மெமரிக்கு ஈடாகாது. ஒரு 4கே டெக்ஸ்சர், அதாவது 4096க்கு 4096 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 64 எம்பி. 8கே என்றால் 256 எம்பி. ஒரு கோயில் மண்டபத்தைத் தத்ரூபமாகச் செய்கிறீர்கள், தூண், தரை, விதானம், சிற்பம் எல்லாவற்றுக்குமாக 20 டெக்ஸ்சர் 8கேயில் போட்டால் 5 ஜிபி அங்கேயே போய்விடும். அதன் மேல் ஜியாமெட்ரி, அதன் மேல் ரே டிரேசிங்குக்கான கணக்குகள், மானிட்டருக்கும் விண்டோஸுக்கும் ஆகும் செலவு. 8 ஜிபி கார்டு மூச்சு வாங்கும். காட்சி அடங்காதபோது பிளெண்டர் ரேமிலிருந்து கடன் வாங்கி ஓட்டப் பார்க்கும், அப்போது வேகம் விழும். சில சமயம் ரெண்டர் நின்றே போகும்.

தொடங்குபவருக்கு 12 ஜிபி நல்ல ஆரம்பம், 16 ஜிபி நிம்மதி. பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. 4060 டிஐயில் 8 உண்டு, 16 உண்டு. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். இரண்டு 8 ஜிபி கார்டு போட்டால் 16 ஜிபி ஆகிவிடாது. காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியாக ஏறும்.

7. சத்தத்தை நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

1 யு சர்வரில் 40 மில்லிமீட்டர் ஃபேன்கள். அவ்வளவு சிறிய ஃபேன் போதிய காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். சன்னமான கீச்சொலி, நிற்காமல் வரும். டேட்டா சென்டரில் அதைக் கேட்க ஆள் இல்லை. நம் வீடுகளில் ஹாலில் தாத்தா படுத்திருப்பார், அடுத்த அறையில் தங்கை பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். இரவில் ரெண்டர் போடுவதுதான் உங்கள் திட்டம் என்றால், சத்தம் எழும்புவதும் அதே இரவில்தான்.

2 யு சர்வர் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் டெல் ஆர்720, ஆர்730 போன்றவற்றில் அந்த நிறுவனம் அடையாளம் காணாத கார்டைச் செருகினால், அதன் வெப்பம் தெரியாததால் பாதுகாப்புக்காக ஃபேன் வேகத்தைத் தானே கூட்டிவிடும். கட்டளை கொடுத்து அதைத் தணிக்கலாம், அது செய்யத் தெரிந்தவருக்கு. கடையில் மற்ற சத்தங்களுக்கு நடுவே கேட்கும்போது எதுவும் பெரிதாகத் தெரியாது. ஷட்டர் பாதி இறக்கும் நேரத்தில் போய்க் கேளுங்கள்.

8. மின்சாரக் கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து போடுங்கள்.

இரண்டு பிராசசர், எட்டுப் பத்து ரேம் குச்சிகள், சில ஹார்டு டிஸ்க்குகள் உள்ள பழைய சர்வர் ஒன்று சும்மா இருக்கும்போதே 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அணைக்காமல் விட்டால் 60 நாளில் 288 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளில் இருந்த சலுகையும் குறையும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் ஓடும் ஒரு வீட்டின் மேல் 288 யூனிட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரெண்டர் ஓடும் நேரம் வேறு கணக்கு. 500 வாட்டில் பத்து மணி நேரம் ஓடினால் 5 யூனிட். வேலை நடக்கிறது, அதற்கான செலவு அது. வருத்தப்பட ஒன்றுமில்லை. என் வருத்தம் எல்லாம் வேலை இல்லாமல் எரியும் யூனிட்டுகளைப் பற்றித்தான்.

வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். இழுக்கும் வாட் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளிவரும். ஆர்720க்குச் சொல்லப்பட்ட உள்வாங்கும் காற்றின் வெப்பம் 10 முதல் 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் அறைகள் மதியத்தில் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். பரணிலும் துணி அலமாரிக்குள்ளும் சர்வரை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

யூபிஎஸ் விஷயத்தில் ஒன்று. சாதாரண 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் மெஷினுக்கு அது போதாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் வேண்டாம். சைன் வேவ் கேட்டு வாங்குங்கள்.

9. செகண்ட் ஹேண்டில் ஒர்க்ஸ்டேஷன் எடுப்பது நல்ல வழி, பார்த்து எடுத்தால்.

புதிய மெஷினுக்குக் காசு போதாதவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, அலுவலகங்களிலிருந்து வெளிவரும் எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் 5810 போன்றவை. பழைய சர்வரில் இருக்கும் அதே ஜியான் குடும்பம், அதே ஈசிசி ரேம், ஆனால் பெரிய மெதுவான ஃபேன்கள், கார்டுக்கு இடம், கார்டுக்கு ஒயர். மேசைக்குக் கீழே வைத்துவிட்டு அருகிலேயே உட்காரலாம். சர்வரின் மீது ஆசைப்பட்டு வந்த பல பேரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறேன், அதில் எனக்கு நிறைவு உண்டு.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று ஸ்டிக்கரில் படியுங்கள். 5810இல் 425 வாட்டும் வரும், 685 வாட்டும் வரும். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்த மெஷின்களின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் நிறுவனத்தின் சொந்த அளவு என்பதால் பழுதானால் தெருமுனைக் கடையில் மாற்று கிடைக்காது. அதே மாடலுக்கானதைத் தேட வேண்டும்.

இரண்டு பிராசசர் போர்டில் ஒரு பிராசசர்தான் போட்டிருக்கிறார்கள் என்றால், இரண்டாவதோடு இணைந்த ஸ்லாட்டுகளும் ரேம் துளைகளும் செத்திருக்கும். கார்டைச் செருகிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று வருந்துவோரில் சிலருக்குக் காரணம் இதுதான். விண்டோஸ் 10 ஹோம் பதிப்பு ஒரு பிராசசரை மட்டுமே பயன்படுத்தும். இரண்டுக்கும் புரோ வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்த ஜியான் வி3, வி4 சிப்புகள் விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. ஆகவே இவற்றை வாங்குபவர் லினக்ஸுக்குத் தயாராக இருக்க வேண்டும். பிளெண்டர், ஹூடினி, மாயா, நியூக் எல்லாம் லினக்ஸில் நன்றாக ஓடும். பெரிய ஸ்டுடியோக்களே அப்படித்தான் ஓட்டுகின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், போட்டோஷாப், 3டிஎஸ் மேக்ஸ் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. டாவின்சி ரிசால்வ் உண்டு, ஆனால் லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு ஃபோனில் எடுத்த எச்.264 வீடியோவைத் திறக்காது. உங்கள் வருமானம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இருக்கிறது என்றால் பழைய ஜியான் பக்கமே போக வேண்டாம். குறைந்த கோர் ஆனாலும் புதிய தலைமுறை மெஷின் எடுங்கள்.

10. ஈசிசி ரேம் நல்லதுதான், அதற்காக மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஒரு பிட் பிழையைத் திருத்தும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். பல நாள் ஓடும் சிமுலேஷனுக்குப் பயன். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

11. சர்வர் சரியான விடையாக இருக்கும் இடமும் உண்டு.

வேலை வரத் தொடங்கிவிட்டது, ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது, ரெண்டர் ஓடும்போது அடுத்த ஷாட்டைத் தொட முடியவில்லை. அப்போது சர்வரை நினைக்கலாம். 30 நொடி விளம்பரப் படம், நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 720. ஃபிரேமுக்கு 5 நிமிடம் என்றால் 60 மணி நேரம். இரண்டரை நாள் உங்கள் ஒரே மெஷின் முடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி என்பதால் இதைப் பங்கு போடுவது எளிது. சமமான இன்னொரு மெஷின் இருந்தால் 30 மணி நேரம். பிளெண்டரைத் திரை இல்லாமலேயே கட்டளை வரியில் ஓட்டலாம். பிளெண்டர் குழுவே தரும் ஃபிளமெங்கோ என்னும் இலவச மென்பொருள் ஃபிரேம்களைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஐடிராக், ஐலோ போன்ற வசதிகள் சர்வரில் இருப்பதால் அது மொட்டை மாடி அறையில் இருந்தாலும் கீழிருந்தே எழுப்பலாம், அணைக்கலாம். இந்த இடத்தில் 28 பழைய கோர்கள் உண்மையிலேயே உழைக்கும். ஈ5 வி2 வகை வேண்டாம், டிடிஆர்4 ரேம் போடும் வி3, வி4 வகை எடுங்கள். பழைய வகையில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை, என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் ஆவதும் தகராறு.

வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். ஈஎக்ஸ்ஆர் அல்லது பிஎன்ஜி படங்களாக வரிசையாக எழுதுங்கள். 400ஆவது ஃபிரேமில் கரண்ட் போனாலும் முன்னே எழுதிய 399 பத்திரமாக இருக்கும்.

சர்வரை வேறு அறையில் வைத்துவிட்டு, ரிமோட்டில் அதையே ஒர்க்ஸ்டேஷனாகப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். எடிட்டிங் மேற்பார்வைக்குச் சரி. பேனா பிடித்துச் சிற்பம் செய்பவருக்கும் நிறம் பார்ப்பவருக்கும் அந்தத் தாமதமும் படச் சுருக்கமும் ஒத்துவராது.

ஆண்டுக்கு இரண்டு மூன்று பெரிய வேலைதான் வரும் என்றால் சர்வரே வேண்டாம். கட்டண ரெண்டர் ஃபார்ம்கள் இருக்கின்றன. ஷீப்இட் என்ற இலவச ஏற்பாடும் உண்டு. உங்கள் மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களின் ஃபிரேமை ரெண்டர் செய்து கொடுத்தால் புள்ளிகள் சேரும், உங்களுக்குத் தேவைப்படும்போது அந்தப் புள்ளிகள் உங்கள் ஃபிரேமை முன்னே தள்ளும். வாடிக்கையாளரின் ரகசிய வேலையை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள்.

12. காசைப் பங்கிடும்போது முதல் பங்கு கார்டுக்கு, அடுத்தது மானிட்டருக்கு.

நிறம் தவறாகக் காட்டும் மானிட்டரில் மூன்று மாதம் லைட்டிங் பழகினால், அந்தத் தவறு கண்ணில் படிந்துவிடும். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுதாகக் காட்டக்கூடியது, அதுவே தொடக்கத்துக்குப் போதும். பிறகு பிராசசர். பிறகு 32 ஜிபி ரேம், மேலும் கூட்ட இரண்டு துளை காலியாக இருக்கட்டும். கேபினட்டில் எரியும் வண்ண விளக்குகளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

13. வாங்கும் நாளில் உங்கள் ஃபைலோடு போங்கள்.

நீங்கள் செய்ததிலேயே கனமான பிளெண்டர் ஃபைலை, டெக்ஸ்சர்களை உள்ளே அடக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மெஷினைப் போடச் சொல்லி முதலில் வியூபோர்ட்டில் திருப்பிப் பாருங்கள். அப்புறம் பிளெண்டரின் சைக்கிள்ஸ் முறையில் ரெண்டர் போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். ஜிபியு-இசட் போன்ற மென்பொருளில் கார்டின் பெயர், மெமரி அளவு, வெப்பம் மூன்றையும் பாருங்கள். சூடு ஏறி ஓரிடத்தில் நின்றால் நல்லது, ஏறிக்கொண்டே போனால் கையை எடுத்துவிடுங்கள். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை ஸ்மார்ட் விவரத்தில் படியுங்கள். ரேம் குச்சிகள் எல்லாம் கணக்கில் வருகின்றனவா என்று பயாஸில் எண்ணுங்கள். பில்லில் மெஷினின் சீரியல் எண்ணும் கார்டின் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், எத்தனை நாள் வாரண்டி, எதற்கு மட்டும் என்பதையும் கையெழுத்தோடு வாங்குங்கள். அரை மணி நேரம் ரெண்டர் ஓட்ட விடாத கடையில் எதுவும் வாங்க வேண்டாம். அதே தெருவில் நாலு கடை தள்ளி விடுகிறவர் இருப்பார்.